சனிக்கிழமை ஸ்லாப்

ஸ்காட்லாந்து
20-5-1961

அன்புள்ள ஆவுடைக்கு,

நான் சுகம். அம்மாவிடம் அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டு. மீதி உனக்கு.

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு பன்றியோடு கட்டிப் புரண்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் கெடஸ், காய்கறித் தோல் நிறைந்த வாளி ஒன்றைக் கையில் கொடுத்து, "பின்னால் இருக்கிற குரூவில் போட்டுவிட்டு வா" என்றாள். குரூவ் என்றால் என்ன என்று அந்த வாரம்தான் மீன்துறைப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே கம்பு நட்டு, மெல்லிய மிலாறுக் குச்சிகளைப் பின்னி, நடுவில் பெட்டி வைத்து மீனை அடைக்கிற அந்தக் காலத்து அமைப்பு. அடடா, வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று இருக்கிறதா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அரசாங்க அதிகாரி பார்வையிடப் போகும்போது மரியாதையாகப் போக வேண்டாமா? கோட்டை மாட்டிக்கொண்டு, நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். தட்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தது மீன் இல்லை.

கோட்டு இன்னும் காயவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். இந்த ஊர்ப் பழைய பேச்சில் மீன் அடைப்பும் குரூவ், பன்றி அடைப்பும் குரூவ், ஆடு மேயாமல் கோசுக்கீரையைச் சுற்றிக் கட்டுகிற அடைப்பும் குரூவ். எதையாவது வேலி பின்னி அடைத்தால் சரி, உள்ளே இருப்பது நீந்துமா உறுமுமா என்று அவர்களுக்குக் கவலை இல்லை. நாம் குருவிக்கும் கூடு, கோழிக்கும் கூடு என்று சொல்லவில்லையா, அப்படி. பயிற்சி அதிகாரிக்கு என் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மாதிரிச் சொற்களை எல்லாம் சேர்த்து ஒரு குறிப்பு எழுது என்று சொல்லியிருக்கிறார். நம் பக்கத்துச் சொற்களும் வேண்டுமாம். மீன் வாசம் வந்தாலே அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற வீட்டில் நான் யாரிடம் கேட்பேன்? நீ யாரிடமாவது கேட்டு எழுது.

உருளைக்கிழங்கும் பாலுமாகக் காலம் ஓடுகிறது. அங்கே சாரல் தொடங்கிவிட்டதா?

உன் அன்புள்ள
பால்வண்ணநாதன்

*

தென்காசி
6-6-1961

அத்தானுக்கு ஆவுடையம்மாள் எழுதுவது.

சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை, குற்றாலத்துக்கு வரும் சொந்தக்காரர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். அத்தை சுகம். பன்றி விஷயத்தை அத்தையிடம் சொல்லவில்லை. ஆனால் நான் சிரித்த சிரிப்பில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு, மூன்று வேளையும் என்ன என்ன என்று கேட்கிறார்கள்.

நீங்கள் மீன் சொல் கேட்டீர்கள். சொல் என்ன, மீன் சண்டையே நம் வாசலுக்கு வந்துவிட்டது.

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற மறுகால் ஓடையில், பலவேசம் மூங்கில் தட்டியால் குறுக்கே வேலி போட்டு நடுவில் ஒரு பறி வைத்திருக்கிறார். பறி என்பது பெரிய கூடை மாதிரி. மீன் உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்ததும் ஆற்றிலிருந்து மீன் எல்லாம் தண்ணீரை எதிர்த்துக் குளத்துக்கு ஏறுமாம். ஏறுகிற அத்தனையும் பலவேசத்தின் பறியில் விழுந்துவிடுகிறது. மேலே குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற வல்லிநாயகத்துக்குத் தவளைதான் மிச்சம். இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள். இப்போது ஒருவர் வருகிற தெருவில் ஒருவர் வருவதில்லை.

நீங்கள் மீன் ஆபீசர், நான் மீன் ஆபீசர் வீட்டம்மா. ஆகவே வழக்கு என்னிடம் வருகிறது. வல்லிநாயகம் நடையில் நின்றுகொண்டு, "மைனி, அண்ணாச்சிக்கு ஒரு கடிதாசி போட்டு இதுக்குச் சட்டம் என்னன்னு கேளுங்க. நான் வாய்க்கா வரப்புல உக்காந்து அழுதுக்கிட்டு கெடக்கேன்" என்கிறார். அவர் போன கையோடு பலவேசம் வந்து, "என் ஓடைக்கரை, என் மூங்கிலு, என் பறி. ஏறுத மீன் மேல அவன் பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, மரியாதைக்காக ஒரு ஓலைப்பெட்டி நிறைய மீனைப் படியில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று துள்ளி நடைக்குள் வந்துவிட்டது. அத்தை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சட்டம் இருந்தால் உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. அடுத்த வீட்டுத் துல்கர்னைன் அண்ணாச்சி இங்கிலீஷ் பேப்பரில் ஏதோ வாசித்தாராம். சீமைக்குப் பயிற்சிக்குப் போனவர்களை இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள் என்றார். ஆகஸ்டோடு முடிகிறது என்று சொல்லித்தான் போனீர்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது சொன்னார்களா? ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஆவுடையம்மாள்

*

ஸ்காட்லாந்து
17-6-1961

அன்புள்ள ஆவுடைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பலவேசமும் வல்லிநாயகமும் இங்கேயும் இருக்கிறார்கள்! அவர்களுக்கு வேறு பெயர், அவ்வளவுதான். இந்த நாட்டு ஆறுகளில் நூற்றுக்கணக்கான வருஷமாக இதே சண்டை. கீழே இருப்பவன் குரூவ் கட்டி எல்லா மீனையும் பிடித்துக்கொள்வான். மேலே இருப்பவன் ராஜாவிடம் போய் அழுவான். ராஜாக்கள் எத்தனையோ பேர் இதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நேற்று பயிற்சி அதிகாரி என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், இடிந்து கிடக்கிற பழைய குரூவ் ஒன்றைக் காட்டினார். எனக்கு நம் மறுகால் ஓடையைப் பார்த்தது போல இருந்தது.

இருவரையும் உட்காரவைத்து இந்தச் சட்டத்தை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டு. இதற்குச் சனிக்கிழமை ஸ்லாப் என்று பெயர். குரூவ் வைத்திருப்பவன் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் மேலே இருப்பவனுக்குக் கட்டாயம் ஸ்லாப் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம். திங்கட்கிழமை சூரியன் உதிக்கிற வரை அது இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டு பேருக்கும் மனக்குறை இருக்காது. எவ்வளவு நியாயமான ஏற்பாடு பார்த்தாயா? நம் ஊரிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று துறைக்கே எழுதப் போகிறேன்.

குளிர் குறைந்திருக்கிறது. உன் நினைவு குறையவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் உன் படத்தை வைத்திருப்பதைப் பார்த்து மிஸஸ் கெடஸ் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

நீ கேட்ட மற்ற விஷயம், பயிற்சியை நீட்டிப்பது பற்றி, அது விவரமாக எழுத வேண்டியது. இந்த ஏர்மெயில் தாளில் இடம் முடிந்துவிட்டது. ஸ்லாப் பற்றியும் இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிற

*

தென்காசி
3-7-1961

அத்தானுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இருவரையும் கூப்பிட்டு, முற்றத்தின் இந்தக் கோடியில் ஒருவரையும் அந்தக் கோடியில் ஒருவரையும் உட்காரவைத்து, நீங்கள் சொன்னபடி நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஸ்லாப் என்ற இடம் வந்ததும் நின்றேன். அத்தைக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. துல்கர்னைன் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் இரண்டு தடவை தலையை ஆட்டிவிட்டு, "ஸ்லாப்புன்னா கன்னத்துல அறையுததும்மா" என்றார். நன்றாகத் தெரியுமா அண்ணாச்சி என்று கேட்டேன். "கொழும்புக் கடையில வெள்ளைக்கார முதலாளிகிட்ட நேர்லயே வாங்கியிருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்றார். இருந்தாலும் வீட்டுக்குப் போய் அகராதியையும் கொண்டுவந்து காட்டினார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

மறுபடியும் வாசித்தேன். குரூவ் வைத்திருப்பவன் சனிக்கிழமை சாயங்காலம் மேலே இருப்பவனுக்குக் கட்டாயம் ஒரு அறை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம்.

வல்லிநாயகம் எழுந்துவிட்டார். "மீனும் அவனுக்கு, அறை எனக்கா? இது எந்த ஊரு ஞாயம்?"

துல்கர்னைன் அண்ணாச்சி அவரை உட்காரவைத்து விளக்கம் சொன்னார். "கோவப்படாதீரும். குளத்துக் குத்தகைக்காரன் பெரிய ஆளு, ஓடைக்காரன் சின்ன ஆளு. வாரத்துக்கு ஒரு நாளு சின்ன ஆளு மனசுல உள்ளதைத் தீத்துக்கிடட்டும்னு வெள்ளைக்காரன் யோசிச்சு வச்சிருக்கான்."

பலவேசத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "திங்கக்கிழமை விடியுத வரைக்கும் அடிக்கணுமா? நடுவுல சோறு திங்க விடுவாங்களா?" என்று கேட்டார். இல்லை, அடி ஒன்றுதான், வீக்கம்தான் திங்கட்கிழமை வரைக்கும் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "பலமாவா, லேசாவா? அதைப் பத்தி ஐயா ஒண்ணும் எழுதலையா?" என்றார் பலவேசம். "தாளு முடிஞ்சிட்டுன்னு எழுதியிருக்காருல்லா. அதுலதான் இருந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு இது சரியாகப் படவில்லை. அடுத்த கடிதம் வருகிற வரை பொறுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். ஆனால் பலவேசத்துக்கு அபராதம் என்ற சொல் உள்ளே புகுந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த வல்லிநாயகத்திடம் போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏலே, கோவிச்சுக்கிடாத, சட்டம்" என்று சொல்லி, ஓங்கி ஒன்று கொடுத்துவிட்டார். லேசாகத்தான் அடிக்க நினைத்தாராம். மூங்கில் பிளக்கிற கை.

வல்லிநாயகம் திருப்பி அடிக்கவில்லை. நேரே நம் வீட்டுக்கு வந்தார். கன்னம் அதிரசம் மாதிரி இருந்தது. "மைனி, அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. சீமையில உக்காந்துக்கிட்டு என்னை அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டாரே ஆபீசரு, அவரு மேலதான் மனு. கலெக்டர்கிட்டயே போகுதேன். அந்தக் கடிதாசியைக் குடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. தலையணை, படம் என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கலெக்டர் வாசிக்க வேண்டாம். அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். ஆனால் கடிதம் இல்லாமலேயே மனு கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை முதல் முறையாக, "என் பிள்ளைக்கு மீன் உத்தியோகம் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்" என்று அழுதார்கள்.

உங்கள் வேலைக்கு ஆபத்து வருமா? அதை எழுதுங்கள். ஆறு மாதம் இருக்கப் போகிறீர்களா இல்லையா? அதை மேலே, முதல் வரியில், தாள் முடிவதற்கு முன்னால் எழுதுங்கள்.

ஆவுடையம்மாள்

*

ஸ்காட்லாந்து
13-7-1961

ஆவுடை,

முதல் வரி: மார்ச் வரை இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது வரி: ஸ்லாப் என்றால் அறை இல்லை, இல்லை, இல்லை. இந்த ஊர்ப் பேச்சில் ஸ்லாப் என்றால் வேலியில் விடுகிற திறப்பு. இடைவெளி. கடவு. சனிக்கிழமை சாயங்காலம் நடுவில் இருக்கிற பெட்டியை எடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை வரை வேலியைத் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஏறுகிற மீன் மேலே இருப்பவனுக்கு. இவ்வளவுதான் சட்டம். மிஸஸ் கெடஸ் தினமும், "ஸ்லாப்பை மூடிவிட்டு வா" என்று சொல்கிறாள். ஆட்டுப் பட்டியின் திறப்பைச் சொல்கிறாள். கேட்டுக் கேட்டு, அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துவிட்டது.

தந்தி கொடுத்துவிடலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் ஓடினேன். அதைத் துல்கர்னைன் அண்ணாச்சிதான் வாசித்துச் சொல்வார் என்பது நினைவு வந்ததும் திரும்பிவிட்டேன். அவரைக் குறை சொல்லவில்லை. அகராதியும் அவரும் சொன்னது இங்கிலீஷ். நான் எழுதியது ஸ்காட்லாந்து.

வல்லிநாயகத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பலவேசத்திடமும் சொல். மனு போய்விட்டால் போகட்டும், வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன். நீயும் அம்மாவும் பயப்பட வேண்டாம்.

மார்ச் விஷயம். போன கடிதத்தில் தாள் முடிந்தது உண்மைதான், ஆனால் முடியட்டும் என்றுதான் பெரிய எழுத்தாக எழுதினேன். இங்கே என் குறிப்பை அச்சுப் போடலாம் என்கிறார்கள். நம் பறியையும் பட்டியையும் கூட்டையும் அவர்கள் குரூவ் பக்கத்தில் வைத்து ஒரு சிறு புத்தகம். எனக்கு ஆசையாக இருக்கிறது. உன்னை விட்டு இன்னும் ஆறு மாதம் இருக்கவும் மனம் இல்லை. நீ இரு என்றால் இருக்கிறேன், வா என்றால் வருகிறேன். நீ சொல்.

பால்வண்ணம்

*

தென்காசி
2-8-1961

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அறை விழுந்த அன்றிலிருந்து பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நெருங்க நெருங்க ஆள் பாதியாகிவிட்டார். இரண்டாவது அறை கொடுத்தாக வேண்டுமே! சனிக்கிழமை சாயங்காலம் ஓடையில் இறங்கி, பறியைத் தூக்கிக் கரையில் எறிந்துவிட்டு, தட்டியையும் விலக்கிவிட்டுக் கரையேறி வந்தார். "பறி இருந்தாத்தான அடிக்கணும்? இன்னைக்கு எனக்குப் பறி இல்ல. திங்கக்கிழமை வச்சுக்கிடுதேன்" என்று என்னிடம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மீன் தடையில்லாமல் குளத்துக்கு ஏறியது. வல்லிநாயகம் மதகுமேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அடுத்தடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மனு அவர் மடியிலேயே இருந்து வேர்வையில் ஊறிப் போயிற்று.

அப்புறம்தான் உங்கள் கடிதம். எல்லாரையும் கூப்பிட்டு வாசித்தேன். துல்கர்னைன் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரே வார்த்தைக்கு ஊருக்கு ஊரு அர்த்தத்தை மாத்தி வச்சா மனுசன் எப்படிப் படிக்கிறது?" என்றார். பலவேசம், "அப்ப நான் அடிச்சது?" என்று கேட்டார்.

"அது எனக்கு வரவேண்டிய பாக்கி. திருப்பி அடிச்சு வாங்கிக்கிடுதேன்" என்றார் வல்லிநாயகம்.

இப்போது அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பலவேசம் பறியை எடுத்து வைத்துவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய், கன்னத்தைக் காட்டி, "அடிச்சு முடிச்சிரு லே, என்னால நெஞ்சுல வச்சுக்கிட்டு இருக்க முடியல" என்கிறார். வல்லிநாயகம் கையைத் தூக்குகிறார். பலவேசம் கண்ணை மூடிக்கொள்கிறார். "இன்னைக்குக் கை வலிக்கி. அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பலவேசம் வாங்கித் தருகிற காப்பியைக் குடிக்கிறார். இதைப் பார்க்கவே சனிக்கிழமை கடையில் கூட்டம்.

உங்களிடம் சொல்ல இன்னொன்று. இந்தத் தீர்ப்பு பாவூர்சத்திரம் வரைக்கும் பரவிவிட்டது. போன வாரம் அங்கிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். தம்பி, அண்ணன் வீட்டுக் கோழி அடைக்கிற பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தில் கவிழ்த்து மீன் பிடிக்கிறானாம். மீன் வாசம் ஏறிய பஞ்சாரத்துக்குள் கோழி போக மாட்டேன் என்கிறதாம். நான் விசாரித்து, தம்பி புதிதாக ஒன்று முடைந்து கோழிக்குக் கொடுக்க வேண்டும், பழையது மீனுக்கு என்று சொன்னேன். கோழி சம்மதித்துவிட்டதாம். நேற்று சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வழக்கு. அத்தை கூட இப்போது மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒரு மீன் பெயரும் தெரியாமல் இவ்வளவு செய்துவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆகவே மார்ச் வரை இருந்து, புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள். மனத்தாங்கலோடு சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வா என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது பொழுது போகிறது.

ஆவுடையம்மாள்

*

ஸ்காட்லாந்து
13-8-1961

அன்புள்ள ஆவுடைக்கு,

'இப்போது பொழுது போகிறது' என்ற வரியை வாசித்த பிறகு எனக்கு இங்கே பொழுது போகவில்லை.

இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குறிப்பை எழுதிக் கொடுத்தாயிற்று, அவர்கள் அச்சுப் போட்டு அனுப்பட்டும். அதில் பஞ்சாரத்தையும் சேர்த்தேன். கோழிக்கும் மீனுக்கும் ஒரே கூடை என்றதும் பயிற்சி அதிகாரி மேசையைத் தட்டினார். நீ வா என்று எழுதியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பேனோ என்னவோ. இரு என்று நீ இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது என்னைக் கலக்கிவிட்டது. இரவெல்லாம் நீ நம் முற்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது போலவும், நான் ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது போலவும் கனவு.

செப்டம்பர் இரண்டாவது வாரம் கப்பல். பம்பாயில் இறங்கி ரயில். செங்கோட்டை வண்டியில் வந்து சேர்வேன். என்றைக்கு என்று பம்பாயிலிருந்து தந்தி கொடுக்கிறேன். அண்ணாச்சி வாசிக்கட்டும், தேதியில் தப்பு வராது.

நீ என் மேல் கோபமாக இல்லை என்பதை மட்டும் ஒரு வரி எழுது. கப்பல் ஏறுவதற்குள் வந்துவிடும்.

உன்
பால்வண்ணம்

*

தென்காசி
25-8-1961

அத்தானுக்கு,

கோபம் இல்லை. இருந்திருந்தால் மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

நீங்கள் வருகிற சேதியை நேற்று முற்றத்தில் சொன்னேன். வல்லிநாயகமும் பலவேசமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போய், வேப்ப மரத்தடியில் குசுகுசுவென்று பேசிவிட்டுச் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். வல்லிநாயகம்தான் பேசினார். "மைனி, நானும் இவனும் யோசிச்சுப் பாத்தோம். இவன் மேல தப்பு இல்ல. சட்டம் எழுதுனவரு தாளு முடியுததுக்குள்ள அர்த்தத்தை எழுதியிருக்கணும். அதனால எனக்கு வரவேண்டிய பாக்கியை உங்க வீட்டு அண்ணாச்சிகிட்டயே வாங்கிக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஸ்டேஷனுக்கு வருதோம்."

எங்க வீட்டுக்காரரைத் தொடக் கூடாது என்று நான் எழுந்துவிட்டேன். உடனே பலவேசம் பதறிப்போய், "அய்யய்யோ, தொடுவோமா தாயி? மாலை வாங்கியாச்சு. சும்மா கையைத் தூக்குவான், அவ்வளவுதான். ஐயா கொஞ்சம் பயந்து இறங்கணும். இவனுக்கு அது போதும். எனக்கும் இந்தச் சனிக்கிழமைப் பாடு தீரும்" என்றார்.

நான் யோசித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். இதுதான் நான் கடைசியாகச் சொன்ன தீர்ப்பு. நீங்கள் கட்டுப்பட வேண்டும். நான் முன்கூட்டியே எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். வண்டி நின்றதும் வல்லிநாயகம் கையைத் தூக்கிக்கொண்டு வருவார். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, நன்றாகப் பயந்த முகத்தோடு இறங்குங்கள். பன்றியைப் பார்த்த அன்று எப்படிப் பயந்தீர்களோ, அப்படி. துல்கர்னைன் அண்ணாச்சியும் வருகிறார். அத்தையும் வருகிறார்கள்.

நான் எல்லாருக்கும் பின்னால், பெண்கள் உட்காருகிற பெஞ்சுப் பக்கம் நிற்பேன். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆவுடை